முட்டி டீச்சரின் நாலு விரல் பிழை

உலகத்தை அளந்தவர்கள் பலர். கயிறு பிடித்து அளந்தவர்கள் உண்டு, காலடி வைத்து அளந்தவர்கள் உண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து வாயாலேயே அளந்து முடித்தவர்களுக்குக் கணக்கே இல்லை. முழங்காலால் அளந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் ஊர்ப் பாலர் பள்ளியின் ஆசிரியை. ஊர் அவருக்கு வைத்த பெயர் முட்டி டீச்சர். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருக்கிறது. அதைச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு நீள அறை, அதன் பின்னால் கை கழுவும் தாழ்வாரம், முன்னால் மண் முற்றம், முற்றத்தில் ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல். சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்கு ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே சாலை. அந்தச் சாலையில் போகும் டிராக்டர்களுக்குத் தங்களிடம் பிரேக் என்று ஒன்று இருப்பது ஊரைத் தாண்டிய பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, நிமிர்ந்து நின்று நாலா பக்கமும் பார்வையிட்டு, பள்ளி பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்தார். மறுநாளே ஒரு சிறுமி நெற்றியில் கீறலோடு வந்து நின்றாள். டீச்சருடைய மேஜைக்கு அடியில் ஓர் ஆணி.

"உங்களுக்குத் தெரியலையா டீச்சர்? இவ்ளோ பெரிசா இருக்கே!" என்று கை இரண்டையும் விரித்துக் காட்டினாளாம்.

டீச்சர் மண்டியிட்டுப் பார்த்தார். ஆணி தெரிந்தது. கூடவே மேஜையின் உடைந்த மூலை, மின்சாரப் பொத்தான், கதவிடுக்கு எல்லாம் தெரிந்தன. நின்றால் ஒரு பள்ளி, மண்டியிட்டால் வேறொரு பள்ளி. அன்றைக்கு மண்டியிட்டவர், சொல்லப்போனால், இன்னும் எழுந்திருக்கவில்லை. வாரத்தின் முதல் நாள் காலையில், கதவு திறப்பதற்கு முன், முழுப் பள்ளியையும் முழங்காலிலேயே சுற்றி வருவார். கழுத்தை வளைக்காமல், பிள்ளைகள் பார்ப்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டே போவார். இதற்கு முட்டிச் சுற்று என்று பெயர்.

தான் மட்டும் சுற்றினால் போதுமா? பிள்ளையைச் சேர்க்க வருகிற தாயோ தகப்பனோ ஒருவர் கட்டாயம் சுற்ற வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு விசாரணை நடக்கும்.

"பையன் கெட்டிக்காரன் டீச்சர். இப்பவே நூறு வரைக்கும் எண்ணுவான்."

"எண்ணட்டும். பயந்தா எந்தப் பக்கம் ஓடுவான்?"

"ஓடறதா?"

"ஆமா. அம்மா கிட்ட ஓடுவானா, ரோட்டுக்கு ஓடுவானா, கட்டிலுக்கு அடியில பூந்துக்குவானா?"

நூறு வரைக்கும் தெரிந்த தகப்பன் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மனைவி பதில் சொல்லுவாள். "கட்டிலுக்கு அடியில டீச்சர். கூப்பிட்டாலும் வர மாட்டான். மூச்சைப் பிடிச்சிட்டு இருப்பான்." டீச்சர் தலையாட்டுவார். பிறகு தகப்பன் இஸ்திரி போட்ட கால்சட்டையோடு தரையில் இறங்குவார். அவர் கண்டுபிடித்துச் சொன்ன ஆபத்தைச் சரிசெய்யும்வரை பள்ளிக் கதவு திறக்காது. அது சட்டம். அரசாங்கச் சட்டங்களுக்கு விதிவிலக்கு உண்டு, இதற்குக் கிடையாது.

வாசலில் இன்னொரு சட்டம். கொண்டுவந்து விடுகிறவரைப் பிள்ளை தன் வாயால் இன்னார் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் டீச்சர் கை நீட்டுவார். சாயங்காலம் கூட்டிப்போகும்போதும் அதே கதைதான். சொந்த மாமன் மீசையை மழித்துவிட்டு வந்த அன்று, மருமகள் அடையாளம் சொல்ல மறுத்துவிட்டதால், மீசை முளைக்கும்வரை வேறு ஆளை அனுப்பினார்கள்.

டீச்சரின் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் கடை. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. அதோடுதான் தூங்குகிறார் என்பது ஊரின் கருத்து. மனைவியின் முட்டி தரையில் தேய்வதைப் பார்க்கச் சகிக்காமல், கல்யாணமான வருஷமே முட்டிக்குக் கட்டிக்கொள்ள ஒரு ஜோடி மெத்தை தைத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் அதற்குள் கொஞ்சம் பஞ்சு. அதற்கடுத்த வருஷம் முட்டிவலி கூடவே, பஞ்சுக்கு மேல் ஒரு கம்பளித் துண்டு. அப்புறம் பழைய சோபாவிலிருந்து அறுத்த ஸ்பாஞ்ச். அன்பைப் பாட்டாக எழுதுகிறவர்கள் உண்டு. இவர் அடுக்கடுக்காகத் தைத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கல்வித் துறையின் உத்தரவு வரும்வரை. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த பாலர் பள்ளிகளை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அதிகாரி ஒரு நாள் நேரில் வந்து தலையை எண்ணுவார். அன்றைக்கு இருக்கிற தலைதான் தலை.

டீச்சரிடம் இருந்தது பதினெட்டு.

"அந்த முட்டிச் சுற்றைக் கொஞ்ச நாள் நிறுத்திவைம்மா" என்றார் கணவர். "நாலு பேரு அதுக்குப் பயந்துதான் வேன் வர்ற பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ச் சேக்கறாங்க."

"பயப்படட்டும். பிள்ளைக்காக அஞ்சு நிமிஷம் மண்டி போட முடியாதவங்க, அது தொலைஞ்சா அஞ்சு வருஷம் தேடுவாங்களா?"

"நியாயம்தான். ஆனா பள்ளிக்கூடமே தொலைஞ்சிடுமே?"

டீச்சர் முட்டி மெத்தையை எடுத்துத் தூசி தட்டி, அடுத்த சுற்றுக்குத் தயாராக வைத்தார்.

மிச்சம் இரண்டு தலைகள் எங்கே இருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவருக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. மூன்று வயது முடிந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் மண்டியிட மாட்டார்.

காரணம் சொல்ல வேண்டும். கடைக்காரர் உயரத்தில் சிக்கனமானவர். ஸ்க்ரூவை அங்குலக் கணக்கில் விற்பவர் என்பதால் ஊர் அவருக்கு அங்குலம் என்று பெயர் வைத்தது. அதற்கு வேறு காரணமே இல்லை என்று அவருடைய எதிரில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல்தான் நிற்பார். 'கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா' என்று யாராவது பாராட்டிவிட்டால், அந்த ஆளுக்கு அன்றைக்குச் சாமான் கிடையாது.

"நின்னாலே என்னைத் தேட வேண்டியிருக்குன்னு பேசறானுங்க. மண்டி போட்டா விடுவானுங்களா?" என்றாராம் மனைவியிடம். பிள்ளைகளை வேன் பள்ளியில் சேர்த்தார். இரண்டும் வேனில் ஏறியதும் வாந்தி. ஒன்று ஓய்ந்தால் மற்றது ஆரம்பிக்கும். ஒரு வாரம் பொறுத்த டிரைவர், வண்டியை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "நாளைக்குத் தலை எண்ணறாங்களாம். நீங்க போய் மண்டி போட்டு ரெண்டையும் சேத்துட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கறேன். முடியாதுன்னா நீங்க இவங்களைப் பாத்துக்கங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

இப்படியாக, எண்ணிக்கை நாளன்று விடிந்ததும், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அங்குலம் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார். அப்பா மண்டியிடுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதாம். டீச்சர் தன் சுற்றை அப்போதுதான் முடித்திருந்தார். முற்றத்தில் கணவர் ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, மெத்தை கட்டிக்குங்க. தரை கரடுமுரடா இருக்கும்" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் பொம்பளைங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, மானத்தைத் தவிர வேறு எதையும் முட்டிக்குக் கட்டிக்கொள்ளாமல் அங்குலம் தரையில் இறங்கினார். அறையைச் சுற்றினார். முற்றத்தைச் சுற்றினார். வாயே திறக்கவில்லை. தாழ்வாரத்துக்குப் போனார். போனவர் அங்கிருந்து ஒரு கூச்சல் போட்டார். தங்கம் கண்டவர்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

"ஆகா! முட்டி டீச்சரம்மா! இங்க வாங்க! பள்ளிக்கூடமா நடத்தறீங்க? இங்க பாருங்க வரிசையா, முள்ளு மாதிரி!"

கை கழுவும் தொட்டி ஒரு பலகைமேல் வைத்து இறுக்கப்பட்டிருந்தது. இந்த விடுமுறையில்தான் புதிதாகப் போட்டது. டீச்சர் மெத்தை கட்டிய முட்டியோடு அவர் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தார்.

"எங்க? ஒண்ணும் தெரியலையே."

"தெரியலையா? எனக்குப் பளபளன்னு தெரியுதே!"

டீச்சர் அங்குலத்தைப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த இருவரில் தன் கண் அவருடைய கண்ணைவிட மேலே இருப்பதைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார். மெத்தைகளை அவிழ்த்துத் தள்ளிவிட்டு, வெறும் முட்டியைத் தரையில் வைத்தார். பலகையின் விளிம்பு மேலே போயிற்று. அதற்குக் கீழே, பலகையைத் துளைத்துக்கொண்டு, ஸ்க்ரூ முனைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. சோப்பு உருண்டு விழுந்தால் பிள்ளைகள் தலையை உள்ளே விட்டு எடுக்கும் இடம் அது.

கணவர் ஓடிவந்தார். நிலைமையைப் பார்த்தார். கழுத்திலிருந்த நாடாவை எடுத்து மெத்தையின் கனத்தை அளந்தார். நாடாவை நம்பாமல் விரலை வைத்தும் அளந்தார். நாலு விரல்.

"வருஷா வருஷம் ஒரு அடுக்கு சேத்தேன்" என்றார், ஏதோ கொலையை ஒப்புக்கொள்கிறவர்போல.

டீச்சர் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறார். மூன்று வயதுக் குழந்தையின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தவர், அன்பின் மகிமையால், இப்போது ஐந்து வயதுக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் ஒரு பிள்ளையின் தலையும் அதில் படாதது யார் செய்த புண்ணியமோ.

"சொல்லுங்க" என்றார் அங்குலம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னும் மண்டியிட்டபடியே. "எந்த அறிவாளி இவ்வளவு நீள ஸ்க்ரூவைப் போட்டது?"

"நான்தான்" என்றார் தையல்காரர்.

"தையக்காரருக்கு ஊசியே பரவாயில்ல. இதை எந்த மடையன் வித்தான்?"

"சின்ன சைஸ் தீந்துபோச்சு, இதையே போடுங்க, நீளமா இருந்தா நல்லாப் பிடிக்கும்னு சொன்னது நீங்கதான்."

அங்குலம் ஸ்க்ரூ முனையைத் தடவிப் பார்த்தார். தன் சரக்கை அவருக்குத் தெரியாதா? "நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்று முனகினார்.

டீச்சர் அங்குலத்தின் பக்கம் திரும்பினார். "ரம்பம் இருக்கா உங்க கடையில?"

"இருக்கு. அரமும் இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. முனையை அறுத்து, தேச்சு, நான் விரல் வச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் கதவு திறக்காது. நான் மறுபடி முழுசா ஒரு சுத்து வரணும், வெறும் முட்டியில. நாலு விரல் கீழ இன்னும் என்னென்ன இருக்கோ."

"அதிகாரி வருவாரேம்மா!" என்றார் கணவர்.

"வரட்டும்."

"மிச்சச் சுத்தை நான் வரேன். உன் முட்டி தாங்காது."

"உங்க உயரத்துக்கு நீங்க மண்டி போட்டாலும் அஞ்சாம் கிளாசுங்க. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ள வைங்க."

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பையில் பேனா நாலு, முகத்தில் பொறுமை ஒன்று. வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் கூட்டமாக நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்வாரத்திலிருந்து ரம்பம் இழுக்கும் சத்தம். முற்றத்தில் சறுக்குக்குப் பின்னால் ஒரு தலை மட்டும் மெதுவாக நகர்ந்தது.

"என்னம்மா இது? பள்ளி திறக்கலையா?"

"இன்னும் இல்லைங்க" என்றது தலை. டீச்சர் கம்பியைப் பிடித்து எழுந்து கதவருகே நொண்டியபடி வந்தார். "தொட்டிக்கு அடியில ஸ்க்ரூ முனை நீட்டிட்டிருந்தது. அறுத்திட்டிருக்கோம். சறுக்குக்கு அடியிலயும் ஒரு கம்பி முனை இருந்தது, மடக்கிட்டேன். இன்னும் அறைக்குள்ள பாக்கணும்."

"நான் மூடியிருந்ததுன்னு எழுத வேண்டியிருக்குமே. எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். உண்மையை எழுதுங்க. மூடித்தான் இருக்கு."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இதோ பாருங்கம்மா, பிள்ளைங்க எல்லாம் இங்கதானே நிக்குது? நான் இப்படியே தெருவில வச்சு எண்ணிட்டுப் போயிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

"அது முடியாதுங்க."

"ஏன்?"

"தெருவில நிக்கற பிள்ளை அவங்க அப்பா அம்மா பிள்ளை. வாசல்ல என் கைக்கு வந்தாத்தான் என் பிள்ளை. என் கையில இல்லாத பிள்ளையை என் கணக்குல எப்படி எழுதுவீங்க?"

கூட்டத்தில் ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சர்! கூப்பிட்டுக் குடுக்கறாரு, வாங்கிக்கத் தெரியலையே உங்களுக்கு! நாளைக்கு எங்க புள்ளைங்க நெடுஞ்சாலையைத் தாண்டணுமா?"

"தாண்டக் கூடாதுன்னுதான் நான் முட்டியைத் தேய்க்கறேன். கொஞ்சம் இருங்க."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அதிகாரி பேனாவை எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடியும் எடுத்தார். அவருடைய இத்தனை வருஷ உத்தியோகத்தில், எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. இரவல் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் உண்டு. ஒரு பள்ளியில் ஏழு வயதுக்காரனைக் குனிந்து நிற்க வைத்திருந்தார்கள். இருக்கிற பிள்ளையை எண்ணாதே என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். ஆச்சரியத்தில் போக மறந்து, வேலியோரம் இருந்த கல்லில் உட்கார்ந்தார்.

கடைசியில் ரம்பச் சத்தம் நின்றது. அரம் தேய்க்கும் சத்தமும் நின்றது. டீச்சர் ஒவ்வொரு முனையையும் விரலால் தடவினார், பிறகு உள்ளங்கையால் தடவினார், அதன்பிறகு தன் தலையையே உள்ளே விட்டுப் பார்த்தார். எழுந்து நொண்டிக்கொண்டு வந்து கதவின் மேல் தாழ்ப்பாளைத் தள்ளினார். முட்டி இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. முகம் மட்டும், பரீட்சைத்தாள் திருத்திக் கொடுக்க வந்த முகம்.

"ஒவ்வொருத்தரா வாங்க. இது யாரு கண்ணு?"

"அம்மா!"

"வா. நீ யாரோட வந்தே?"

"சித்தப்பா!"

ஒவ்வொரு தலையாக உள்ளே போயிற்று. அதிகாரி எழுந்து நின்று கோடு போட்டார். பதினெட்டுக் கோடு விழுந்தது. அதற்குமேல் வாசலில் பிள்ளை இல்லை.

அங்குலம் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி இரட்டையரை வாசலுக்கு வரவழைத்தார். அவர் தலை, மீசை, புருவம், சட்டை எல்லாம் இரும்புத் தூளும் மரத்தூளும் அப்பியிருந்தன. கண் மட்டும்தான் அவருடையது. பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்து விட்டதால் தன்னோடு நிற்பவர் யாரென்று இரண்டுக்கும் குழப்பம்.

"இது யாரு?" என்றார் டீச்சர்.

இரண்டும் மேலே பார்த்தன. பெண் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ஆண் தெளிவாகச் சொன்னான்: "தெரியாது."

கூட்டம் சிரித்தது. அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"டேய், நான்டா, அப்பா!" என்றார் அங்குலம்.

"அப்பா கறுப்பா இருக்க மாட்டாங்க" என்றாள் பெண்.

"டீச்சர், நான்தான்னு உங்களுக்கே தெரியும். ஊருக்கே தெரியும்!"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அவங்களுக்குத் தெரியணும். முகத்தைக் கழுவிட்டு வாங்க."

முகம் கழுவத் தொட்டி உள்ளே இருந்தது. பள்ளி திறந்த பிறகு பெற்றோர் கதவைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். ஆண் பிள்ளை இதற்குள் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்துவிட்டான். அழுதால், ஓடுவான். எந்தப் பக்கம் ஓடுவான் என்று அங்குலத்துக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சாலைக்குத்தான்.

கடைக்காரர் தெருவை ஒருமுறை பார்த்தார். ஊரில் பாதி நின்றது. மீதியும் வந்துகொண்டிருந்தது. பிறகு அவர், யார் காலிலும் விழாதவர், பட்டப்பகலில், நடுத்தெருவில், முழங்காலையும் கையையும் தரையில் ஊன்றினார். தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி, நன்றாகக் கனைத்தார்.

இரட்டையர் முகம் மலர்ந்தது.

"குதிரை!"

ஒரே தாவலில் இரண்டும் முதுகில் ஏறிவிட்டன. ஏறிய லாவகத்தைப் பார்த்தால் ஒரு நாள் இரண்டு நாள் பழக்கம் இல்லை. இரவு தவறாமல் சவாரி நடந்திருக்கிறது. கடைத்தெருவே வாயைப் பிளந்தது.

டீச்சர் அசையவில்லை. "குதிரை சரி. குதிரை யாரு?"

"எங்க அப்பா!" என்றன இரண்டும், இதுகூடத் தெரியாத டீச்சரிடமா நம்மைச் சேர்க்கிறார்கள் என்ற பரிதாபத்தோடு.

டீச்சர் கை நீட்டினார். உற்சாகம் தாங்காத குதிரை, சவாரியோடு அப்படியே வாசலுக்குள் நுழையப் பார்த்தது.

"பிள்ளைங்க மட்டும்" என்றார் டீச்சர். "குதிரை கதவோட சரி."

இரட்டையர் இறங்கி, டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அதிகாரி இரண்டு கோடு போட்டார். அங்குலம் எழுந்தார். கால்சட்டையின் முட்டியைத் தட்டிவிட்டு, மீசையிலிருந்த தூளைத் துடைத்துவிட்டு, தன் உயரம் முழுவதையும் நிமிர்த்தி, அதிகாரியைக் கேட்டார்:

"எத்தனைங்க?"

"இருபது."

"சரியா எண்ணுனீங்களா?"

"எண்ணியாச்சுங்க."

"அப்ப எழுதுங்க" என்றார் அங்குலம். அடுத்த வாரத்திலிருந்து முட்டிச் சுற்றுக்கு அவரைத்தான் வரச்சொல்லப்போகிறார் டீச்சர் என்பதும், அந்தப் பதவிக்கு ஊரிலேயே அவருக்குப் போட்டி கிடையாது என்பதும் அப்போது அவருக்குத் தெரியாது.